கடலுக்கு எடுத்து வைத்த மண்

எங்கள் வீட்டில் பொழுது விடிவது வாரியல் சத்தத்தோடுதான். என் மனைவி முற்றம் பெருக்குவதை நான் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருப்பேன். முதலில் நீளமாக இழுப்பாள். பிறகு சுவரோரம் குறுக்கிக் குறுக்கித் தட்டுவாள். கடைசியில், இரவுக் காற்று கொண்டுவந்து போட்ட கடல்மண்ணைக் குவித்து, ஒரு பழைய அலுமினியச் சருவத்தில் அள்ளுவாள். அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நேராகக் கடலுக்கு நடப்பாள். அலை வந்து தொடுகிற இடத்தில் கொட்டி, சருவத்தை அதே தண்ணீரில் அலம்பி, திரும்பி வருவாள். அடுப்பு, கட்டன்சாயா, புருஷன் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அவள் மட்டுமல்ல, எங்கள் வரிசைப் பெண்கள் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். "கடலுக்க மண்ண வீட்டில வச்சிருந்தா, அது தேடிட்டு வரும்" என்பார்கள். கல்யாணம் ஆன புதிதில் நான் இதைக் கேட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "உங்க ஊருல மலையாக்கும் பேய். இங்க கடலாக்கும். அதுக்குள்ளத அதுக்குக் குடுத்துப்போடணும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

நான் கடற்கரைக்காரன் அல்ல. ஆரியங்கோட்டில் ஒரு ரப்பர் நர்சரியில் ஒட்டுக் கன்று வளர்ப்பது என் தொழில். அப்பாவும் அண்ணனும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். இந்தப் பொழியூர்க் கடற்கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிவைப்பார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருக்க வேண்டும். அப்படி வந்தவன் நான். இன்றும் காலையில் பைக்கில் மலைக்குப் போய், சாயங்காலம் கடலுக்கு இறங்குகிறேன். மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். மலையிறங்கி வந்தவனுக்கு அது இன்னும் கூடுதலாக வேண்டும். என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், பக்கத்து வீடு. கம்பாவலைக்காரர். ஒரு வள்ளம் கயிற்றோடு கடலுக்குள் போய் வலையை வளைத்துப் போட்டு வரும். கரையில் இரண்டு கூட்டம் ஆட்கள் இரண்டு நுனியையும் பிடித்து மணலில் பின்னோக்கி நடந்து இழுப்பார்கள். அதற்கு மீன் வேண்டுமோ இல்லையோ, முதலில் நடக்க மணல் வேண்டும்.

நான் மாப்பிள்ளையாக வந்தபோது மணலுக்குப் பஞ்சமில்லை. எங்கள் வீட்டுக்கு முன்னால் இரண்டு வரிசை வீடுகள், அப்புறம் தென்னை, அப்புறம் வள்ளங்கள், அப்புறம்தான் கடல். ஒவ்வொரு மழைக்காலமும் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்கிறபோது வீடு எம்மாத்திரம்? முதல் வரிசை போயிற்று. தென்னைகள் வேரைக் காட்டிக்கொண்டு சாய்ந்தன. இரண்டாம் வரிசையும் போயிற்று. பாறாங்கல் கொண்டுவந்து கொட்டினார்கள். பாறாங்கல்லும் மணலுக்குள் இறங்கிக் காணாமல் போயிற்று. மச்சானின் கம்பாக்கயிறு சுருட்டி மூலையில் கிடந்தது. மூன்றாம் வரிசையாக இருந்த எங்கள் வீடு, இருந்த இடத்திலேயே இருந்து முதல் வரிசை ஆகிவிட்டது.

மலையில், எங்கள் ஊரில் மண் என்றால் போட்ட இடத்தில் கிடப்பது. மழையில் கொஞ்சம் கரையும், கல்லை அடுக்கினால் நிற்கும். காலுக்கடியில் மண் நகர்கிற இடத்தில் குடும்பம் நடத்த என்னால் முடியாது என்று நான் நேராகவே சொல்லிவிட்டேன். உள்ளே தள்ளி, மேட்டில், கடற்கரைக் குடும்பங்களுக்கென்று அரசாங்கத்தில் பிளாட் கட்டியிருந்தார்கள். சம்மதம் சொன்னால் சாவி கிடைக்கும். இந்த வீட்டை விட்டுவிட வேண்டும். என் மனைவி பதில் சொல்லாமலேயே ஒவ்வொரு வருஷமும் தள்ளிக்கொண்டு போனாள். கேட்டால் ஒரே வார்த்தைதான். "எங்க அம்ம எனக்குத் தந்த வீடாக்கும்." அதற்குமேல் பேசினால் சோறு மட்டும் வரும், பேச்சு வராது.

அப்படி இருக்கும்போதுதான் கரைக்கு மண் கொண்டுவந்து போடப்போகிறோம் என்று ஒரு இன்ஜினியர் வந்தாள். பாலராமபுரத்துப் பெண். சர்ச் மைதானத்தில் எங்களைக் கூட்டி விவரம் சொன்னாள். ஆறு கடலில் சேரும் பொழிமுகத்தில் தூர்ந்து கிடக்கிற மணலைக் கப்பல் வைத்து உறிஞ்சி, குழாய் வழியாக இங்கே கொட்டுவார்கள். பிறகு வீடுகளுக்கு முன்னால் நீளமாக மணல்மேடு எழுப்பி, அது பறக்காமல் இருக்கக் கயிற்றுவிரிப்பு போட்டு, செடி நடுவார்கள். பேசி முடித்தபோது என் மனைவி எழுந்தாள்.

"மேடம், ஒரு காரியம் கேக்கட்டா? கடலுக்க உள்ளேந்து எடுக்கிய மண்ணுல்லா இது? அது தேடிட்டு வராதா?"

எங்கள் வரிசைப் பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. இன்ஜினியரும் சிரிக்கவில்லை.

"வரும் சேச்சி. வந்து எடுக்கும். அது எடுக்கட்டும்ணுதான் போடுறோம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "போறதுக்கா இம்புட்டு மண்ணு? நல்லா இருக்கு காரியம்! எனக்க நர்சரியில இப்படி ஒருத்தன் கன்னு நட்டா மொதலாளி ஓட்டிவிடுவாரு" என்றேன்.

"அது மண்ண எடுக்கிற நேரம் வீட்ட எடுக்காது அண்ணா" என்றாள் அவள், கொஞ்சமும் கோபப்படாமல். கடலில் பெருங்காயம் கரைப்பதற்கு இவ்வளவு பெரிய கப்பலா என்று நான் வீடு வரும்வரை முனகிக்கொண்டே வந்தேன்.

மண் வந்த அன்று அந்த முனகலெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஒரு ஆள் குனிந்து நுழையக்கூடிய இரும்புக் குழாய், கடலுக்குள்ளிருந்து கரைக்கு ஏறிக் கிடந்தது. முதலில் அதற்குள் எங்கோ தூரத்தில் இடி உருள்வதுபோல ஒரு சத்தம். பிறகு குழாய் நடுங்கியது. பிறகு அதன் வாயிலிருந்து கறுப்புத் தண்ணீர் ஆள் உயரத்துக்குச் சீறி விழுந்தது. தண்ணீர் கடலுக்கே ஓடிப்போக, மண் மட்டும் அங்கேயே நின்றது. கொக்குகளும் காக்கைகளும் பருந்துகளும் எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை. எவரும் கண்டிராத சிப்பிகள், கடலடிச் சேற்றின் கனத்த வாடை. வெயில் பட்டதும் அந்தக் கறுப்பு மண் என் கண்ணெதிரே வெளுத்து மஞ்சளாயிற்று. ஜேசிபி அதைத் தள்ளித் தள்ளிப் பரப்பியது. கடல் பின்வாங்கியது. நேற்று தண்ணீர் நின்ற இடத்தில் இன்று நான் செருப்போடு நின்றேன்.

என் ஆயுசில் மண் அள்ளுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து மலைகளை வெட்டி, டிப்பர் லாரியில் ஏற்றி, பனச்சமூடு வழியாகக் கொண்டுபோவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். எடுத்துக்கொண்டு போவதைத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு ஊருக்கு நிலத்தைக் கொண்டுவந்து கொடுப்பதை அன்றுதான் முதலில் பார்த்தேன். நர்சரிக்கு லீவு சொல்லிவிட்டு, பொழுது சாயும்வரை அந்தக் குழாயின் அருகிலேயே நின்றேன். மேலெல்லாம் உப்புத் தெறித்து, காது அடைத்துத்தான் வீட்டுக்கு வந்தேன். என் அண்ணன் மறுநாள் மலையிலிருந்து இதைப் பார்க்கவென்றே பஸ் ஏறி வந்தான். "எலே, இது சிருஷ்டியாக்கும்" என்றான். அவன் அப்படிப் பெரிய வார்த்தை பேசுகிறவன் அல்ல.

கரை அகன்றதும் மச்சான் கம்பாக்கயிற்றை வெயிலில் விரித்தார். மணல் இறுகட்டும் என்று காத்திருந்து ஒரு காலையில் வலை போட்டார்கள். இரண்டு கூட்டமும் கயிற்றை இடுப்பில் தாங்கி, குதிகாலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடந்தன. நானும் ஒரு நுனியைப் பிடித்தேன். கிடைத்தது கொஞ்சம் நெத்திலிதான். யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை. மச்சான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உப்பு எரிகிறது என்றார்.

மேடு எழுந்தது. கயிற்றுவிரிப்பை இன்ஜினியர் தானே விரலால் நெருடிப் பார்த்து, நெசவு தளர்ந்ததைத் திருப்பி அனுப்பினாள். அவள் வீட்டில் தறி உண்டாம். செடி நட என்னைக் கூப்பிட்டார்கள். நர்சரிக்காரன் என்ற பவிசோடு சாணியும் செம்மண்ணும் கொண்டுபோனேன். ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டாள். அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் வெறும் மணலில் நட்டோம். ரப்பர்க் கன்றின் ஒட்டுக்கு மேலே மண் ஏறினால் கன்று கெட்டுப்போகும். அதனால் புதையாமல் காப்பதுதான் நான் படித்த பாடம். இராவணன் மீசையோ காற்று அள்ளிப்போடும் மணலில் முழுக்கப் புதைந்துபோகும். செத்தது என்று நினைத்தேன். சில வாரத்தில் அந்த மணலுக்கு மேலே அது தலையை நீட்டியது. மறுபடி புதைந்தது, மறுபடி ஏறியது. மூட மூட வளர்கிற செடி! அது ஏறினால் மேடும் ஏறியது. நான் குந்தி உட்கார்ந்து அந்த முள்நுனிப் புல்லைத் தொட்டுப் பார்த்தேன், அது விரலைக் குத்தியது. தொழில் தெரிந்தவன் என்ற என் எண்ணம் கொஞ்சம் இறங்கியதில் எனக்குச் சந்தோஷம்தான்.

மழைக்காலம் வந்து, கடல் பாதிக் கரையைக் கொண்டுபோயிற்று. "நான் அன்னே சொன்னேன்லா" என்றாள் மனைவி. நானும் வயிறெரிந்தேன். எங்கும் போகவில்லை, கொஞ்சம் தள்ளிக் கடலுக்கடியில்தான் கிடக்கிறது என்று இன்ஜினியர் சொன்னதை யாரும் நம்பவில்லை. ஓணம் கழிந்து கடல் அமைதியானதும், ஒவ்வொரு சிற்றலையும் ஒரு பிடி மணலைக் கரையில் விட்டுவிட்டுப் போக ஆரம்பித்தது. யாரும் கேட்காமல், குழாய் இல்லாமல், கப்பல் இல்லாமல். எடுத்ததில் நல்ல பங்கு திரும்பி வந்தது. நான் தினமும் வேலையிலிருந்து வந்ததும் அதைப் பார்ப்பதற்கென்றே போய் நிற்பேன். என் மனைவி மட்டும் அசையவில்லை. "விருந்துக்கு வந்திருக்கு. போவும்" என்றாள்.

தகராறு அவளுடைய சருவத்தில்தான் ஆரம்பித்தது. மேடு வந்தபிறகு முற்றத்துக்குக் காற்று இன்னும் அதிகமாக மணல் கொண்டுவந்தது. அவளும் அக்கம்பக்கத்துப் பெண்களும் அதைப் பெருக்கி அள்ளி, மேட்டின்மேல் ஏறி இறங்கி, கடலுக்குக் கொண்டுபோனார்கள். வடக்கே கொஞ்சம் தள்ளி மரப்பலகைப் பாதை போட்டிருந்தார்கள். இடுப்பில் பாரத்தோடு யார் அவ்வளவு சுற்றுவது? எங்கள் முற்றத்துக்கு நேர் எதிரே ஏறினார்கள். தினமும் அத்தனை காலும் ஒரே இடத்தில் மிதித்ததில் கொடி அற்றது, விரிப்பு கிழிந்தது, மிச்சத்தைக் காற்று தோண்டியது. நீளமான மேட்டில் எங்கள் வாசலுக்கு நேராக மட்டும் ஒரு பள்ளம் விழுந்தது.

இன்ஜினியர் வந்து பார்த்துத் தலையில் கை வைத்தாள். "சேச்சி, இந்த வழி வேண்டா. கடல் வந்தா இதுலதான் நுழையும். நேரே உங்க வீடு."

"எனக்க மண்ண நான் எங்ஙன கொண்டு போவேன்?"

"மேட்டுலயே தட்டுங்க. போதும்."

"அது கடலு இல்லியே மேடம். கரையில்லா."

நான் நர்சரியிலிருந்து மாடு நுழையாமல் இருக்கப் போடுகிற முள்ளை வெட்டிக்கொண்டு வந்து பள்ளத்தில் குறுக்கே போட்டேன். மறுநாள் காலை அவள் அதைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போனாள். அன்று நாங்கள் நன்றாகவே சண்டை போட்டோம். இந்த மழைக்கு முன்னால் பிளாட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும், இதற்கு மேல் தவணை இல்லை என்று சொல்லியிருந்தார்கள். "நீயே கடலுக்கு வழி வெட்டிக் குடுக்கிய. பின்ன எதுக்கு இங்க கெடக்கணும்? போவலாம்" என்றேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்து மடியில் கையை வைத்துக்கொண்டாள். அவள் அம்மா அந்தப் படிக்குப் போட்ட சிமென்ட் இன்னும் வழுவழுப்பாக இருந்தது.

கள்ளக்கடல் வந்தது சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பட்டப்பகலில். காற்றில்லை, மேகமில்லை. எங்கோ ஆழ்கடலில் அடித்த புயலின் அலை, சொல்லாமல் வந்து ஏறுவதால் அதற்கு அந்தப் பெயர். கடல் முதலில் சத்தமில்லாமல் பின்னால் போயிற்று. தண்ணீரில் நின்ற வள்ளங்கள் மணலில் உட்கார்ந்தன. மச்சான்தான் முதலில் கண்டார். "கள்ளக்கடலாக்கும் எலே! வலைய ஏத்துங்க மக்கா!" என்று கத்திக்கொண்டு ஓடினார்.

நான் காஸ் சிலிண்டரைத் தூக்கிக் கட்டில்மேல் வைத்தேன். அதற்குள் பள்ளத்தின் வழியாக ஒரு நாக்குத் தண்ணீர் முற்றத்துக்குள் வந்தது. அடுத்தது படியைத் தொட்டது. அதற்கடுத்தது அடுக்களைக்குள் நுழைந்து பாத்திரங்களை மிதக்கவிட்டது. மனைவியைத் தேடினால் ஆளைக் காணோம். வெளியே ஓடிப் பார்த்தேன். பள்ளத்தை விட்டுத் தள்ளி, மேட்டின் பின்சரிவில் நின்றுகொண்டிருந்தாள். கையைப் பிடித்து இழுத்தேன். உதறினாள்.

"பாருங்க" என்றாள்.

பார்த்தேன். பனை உயரம் இல்லை, ஆனால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நீளமான ஒரே அலை, அவசரமில்லாமல் வந்து மேட்டின் அடியில் மோதியது. மேட்டின் முகத்திலிருந்து ஒரு பாளம் மணல் அப்படியே சரிந்து அதற்குள் விழுந்தது. அலை கலங்கி, கனத்து, திணறி, அந்த மணலைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போயிற்று. அடுத்த அலை வந்தது. இன்னொரு பாளம் விழுந்தது. அதுவும் வாங்கிக்கொண்டு திரும்பியது. எங்களுக்கு இரண்டு பக்கமும், பார்த்த இடமெல்லாம், இதே நடந்தது. மேடு எதிர்த்து நிற்கவில்லை. கொடுத்தது. கொடுத்துக்கொண்டே இருந்தது. வெட்டுப்பட்ட மணலில் இராவணன் மீசையின் வேர்கள் நீளம் நீளமாகத் தொங்கின. அவை பிடித்திருந்த இடம் மெல்ல விழுந்தது. அவளை இழுக்க வந்ததை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன். பயம் இருந்தது, ஆனால் பயம் மட்டும் இல்லை. சர்ச்சில் மண்டியிடும்போது வராத ஒன்று அங்கே எனக்கு வந்தது.

கடல் உள்ளே நுழைந்தது ஒரே ஒரு இடத்தில்தான். அந்தப் பள்ளத்தில்.

சாயங்காலம் தண்ணீர் இறங்கியது. ராத்திரி அடுத்த ஏற்றத்தில் மறுபடி வரும் என்று மச்சான் சொன்னார். முற்றம் முழுக்கக் கணுக்கால் அளவு மணல். நான் வீட்டுச் சாமான்களை மூட்டை கட்டத் தொடங்கியிருந்தேன். வெளியே வாரியல் சத்தம் கேட்டது. இந்த நேரத்தில் முற்றம் பெருக்குகிறாளே என்று வெளியே வந்தேன். அவள் சருவம் நிறைய அள்ளி, இடுப்பில் ஏற்றி, வழக்கமான வழியில் கடலைப் பார்க்க நடந்தாள். பள்ளத்தின் நடுவில் நின்றாள். அங்கேயே கொட்டினாள்.

பக்கத்து வீட்டுக்காரி திகைத்துப் போனாள். "எக்கா, அங்க தட்டுதியளே! கடலுக்குக் குடுக்காண்டாமா?"

"கடலுக்குத்தான் குடுக்கியேன்" என்றாள் என் மனைவி. "நாம சருவம் சருவமா கொண்டு குடுத்தோம். அது வழி படிச்சு வீட்டுக்குள்ள வந்துட்டு. அந்தால பாரு. மொத்தமா எடுத்து வச்ச இடத்தில, வந்துது, எடுத்துது, போச்சுது. வீட்டுப் பக்கம் திரும்பியும் பாக்கல்ல. இங்க வச்சா இங்க நின்னு எடுத்துட்டுப் போவும்."

பக்கத்து வீட்டுக்காரி கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள். பிறகு அவளும் தன் சருவத்தை எடுத்துவந்தாள். வரிசைப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். கம்பாவலைக் கூட்டம் மண்வெட்டியோடு வந்தது. நான் நர்சரியிலிருந்து கொண்டுவந்து அடுக்கியிருந்த காலி உரச்சாக்குகளை எல்லாம் கொடுத்தேன். மணல் நிரப்பி அடியில் அடுக்கி, மேலே முற்றத்து மணலைக் கொட்டினோம். நான் போட்ட முள்ளும் அதற்குள் புதைந்தது.

விடிந்ததும் போய்ப் பார்த்தேன். நாங்கள் நிரப்பியதில் பாதியைக் காணோம். ஆனால் ஈரத்தின் கோடு பள்ளத்தின் நடுவிலேயே நின்றிருந்தது. அதற்கு இப்புறம் முற்றத்தில் புதுத் தண்ணீர் ஏறவில்லை. படியில் எங்கள் பூனை படுத்திருந்தது. கடல் ஒன்றும் தெரியாததுபோல வெயிலில் மின்னியது.

மனைவி பின்னால் வந்து நின்றாள். கையில் சருவம், நிறைய மணல். அன்றைக்குப் பிளாட்டுக்காரர்கள் பதில் கேட்டு வருவதாக இருந்தது. அதை நினைவூட்டினேன்.

"என்ன சொல்லணும்?" என்றேன்.

அவள் மணலைப் பள்ளத்தில் கொட்டி, சருவத்தைக் கவிழ்த்துத் தட்டினாள்.

"நம்மளும் போயிட்டா, அதுக்கு மண்ணு யாரு எடுத்து வைக்கியது?"

அந்த முற்றத்தையும் மேட்டையும் அதற்கு அப்பால் இருந்த கடலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வாய பொளந்துட்டு நிக்காதீங்க, அடுக்களையில கெடக்கிய மண்ண அள்ளிட்டு வாருங்க" என்றாள். நான் போய் அள்ளிக்கொண்டு வந்தேன்.